காயம்பட்ட ஆக்சலாட்டல்: மருந்துக்கு முன்னால் தண்ணீர்

காலையில் எழுந்து தொட்டியைப் பார்க்கிறீர்கள். நேற்று இரவு நான்கு காலோடு தூங்கப் போன ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் ஒரு சாலமாண்டர் வகை) இப்போது மூன்றரைக் காலோடு உட்கார்ந்திருக்கிறது. கூட இருக்கும் இன்னொரு ஆக்சலாட்டல் எதுவுமே நடக்காத மாதிரி எதிர் மூலையில் கிடக்கிறது. அல்லது செவுளின் ஒரு பக்கம் பிய்ந்துபோய், வால் நுனியில் ஒரு துண்டைக் காணோம். முதல்முறை பார்க்கிறவருக்குக் கை நடுங்கத்தான் செய்யும்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிராணிக்குக் கால், வால், செவுள் மூன்றும் மறுபடி வளரும். முதுகுத்தண்டு நரம்பு, இதயத் தசையின் ஒரு பகுதி, மூளையின் ஒரு பகுதிகூட வளரும் என்று ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். 2018ல் இதன் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்தபோது அது சுமார் 3,200 கோடி எழுத்துகள் நீளம் என்று தெரியவந்தது. மனிதனுடையதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. அத்தனை பெரிய புத்தகத்தை வைத்துக்கொண்டு தன் காலைத் தானே தைத்துக்கொள்ளும் உயிர் இது. நம் வேலை அதைத் தைக்க விடுவது. அதாவது தண்ணீரைச் சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொள்வது. புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறும் இடம் அந்தக் கையைக் கட்டிக்கொள்வதுதான்.

நானும் தடுமாறினேன். முதல் தடவை கால் கடிபட்டபோது பதறிப்போய், அளவு பார்க்காமல் உப்பைக் கரைத்து அதில் போட்டுவிட்டேன். கால் அதன்பாட்டுக்கு ஆறியது. உப்பில் கருகிய செவுள் இழைகள் ஆறத்தான் அதைவிட அதிக நாள் ஆயிற்று.

முதல் பத்து நிமிடம்

தொட்டியில் வேறு ஆக்சலாட்டலோ மீனோ இருந்தால் உடனே பிரியுங்கள். கடித்தது ஒரு தடவையோடு நிறுத்தாது. இவற்றுக்குக் கண் பார்வை மந்தம். வாசனையும் தண்ணீரில் எழும் அசைவும்தான் வழிகாட்டி. காயத்திலிருந்து வாசனை வருகிறது, நொண்டி நொண்டி அசைவதால் அலை எழுகிறது. அடுத்த கடி அங்கேயேதான் விழும். அதில் விரோதம் எதுவும் கிடையாது, இரை என்று நினைத்து வாயைத் திறக்கிறது, அவ்வளவுதான்.

பிடிப்பதற்கு வலை வேண்டாம். வலைக்கண்ணில் விரல் மாட்டும், செவுள் சிக்கும். இதன் தோலில் செதில் கிடையாது. மேலே இருப்பது மெல்லிய சளிப் படலம் மட்டுமே. அது உரிந்தால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அதன் முன்னால் பிடியுங்கள். பின்னாலிருந்து மெதுவாக விரலைக் கொண்டுபோனால் தானே உள்ளே நகரும். தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள். கையால் தொட்டே ஆகவேண்டும் என்றால் சோப்பு, கிரீம், சானிடைசர் எதுவும் ஒட்டியிராத, நன்றாக நனைந்த கையாக இருக்கட்டும்.

இரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்தாதீர்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். வெளியே எடுத்துவைத்துப் பார்ப்பதால் லாபம் எதுவும் இல்லை, தோல் காய்வதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஐந்தாவது நாள் "நேற்றைவிட மோசமா, பரவாயில்லையா" என்று குழம்பும்போது அந்த முதல் நாள் படம்தான் கைகொடுக்கும். தினமும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

காயம் எந்த ரகம்?

விரல் அல்லது பாதம் போயிருக்கிறது, செவுள் இழைகள் உதிர்ந்திருக்கின்றன, வால் துடுப்பில் கிழிசல், தோலில் கீறல்: இவை வீட்டிலேயே கவனிக்கக்கூடியவை. செவுள் ஒரு பக்கம் முழுக்கப் போனாலும் மூச்சுத் திணறிச் சாகாது. தோல் வழியாகவும் மூச்சு விடும், நுரையீரலும் உண்டு. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்த நாட்களில் தண்ணீர் மட்டம் குறைவாக இருந்தால் அதற்கு ஏறி இறங்குவது சுலபம்.

கீழே சொல்பவை வேறு ரகம். வயிறு கிழிந்து உள்ளே இருப்பது தெரிகிறது. கண்ணில் அல்லது தலையில் ஆழமான காயம். எலும்பு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பாதி அறுந்த கால் தோலில் தொங்குகிறது. இரத்தம் நிற்கவே இல்லை. இப்படி எதுவானாலும் கட்டுரையின் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம், முதலில் நீர்நில வாழ்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொங்கும் காலை நீங்களே கத்தரிக்க வேண்டாம். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் சுத்தமாக வெட்டி, நீட்டிய எலும்பைச் சீவிவிடுவார். தோல் அதன்மேல் மூடினால்தான் புதுக் கால் முளைக்கும். கண்ணைப் பொறுத்தவரை இதன் மறுவளர்ச்சி வரம் செல்லாது. முழுசாகப் போன கண் வளர்ந்த பிராணிக்குத் திரும்பி வராது. ஆனால் ஒற்றைக் கண்ணோடும் சுகமாக வாழும், சாப்பாட்டைக் கண்ணால் தேடுகிற பிராணி இல்லையே.

டப் தயார் செய்தல்

பெரிய தொட்டி சைக்கிள் முடிந்த தொட்டியாக (கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா நிலைபெற்ற தொட்டியாக), அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் என்று இருந்து, உள்ளே இது ஒன்று மட்டுமே இருந்தால், சின்னக் காயத்துக்கு அங்கேயே விட்டுவைக்கலாம். இடம் மாற்றுவதும் ஒரு அழுத்தம்தானே. கூட்டாளி இருந்தால், தண்ணீர் சோதனையில் எண் மோசமாக இருந்தால், காயம் பெரிதாக இருந்தால் டப்புக்கு மாற்றுங்கள்.

தேவை இரண்டு டப். ஒன்று இல்லை, இரண்டு. உணவுப் பொருள் வைக்கும் தரத்தில் உள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். இதற்கு முன் சோப்போ பினாயிலோ பட்டதாக இருக்கக்கூடாது. வளர்ந்த ஆக்சலாட்டல் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அது வாலை மடக்காமல் திரும்ப இடம் வேண்டும். முழுசாக மூழ்கி மேலே கொஞ்சம் இருக்கும் அளவு தண்ணீர். 10 லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் உங்களுக்கும் நிம்மதி. கூடுதல் தண்ணீர் என்றால் அழுக்கு நீர்த்துப்போகும்.

அடியில் மணல், கல் எதுவும் போடாதீர்கள். வெறும் தரை. கழிவு எங்கே கிடக்கிறது என்று தெரியவேண்டும், காயத்தில் துகள் ஒட்டவும் கூடாது. ஒளிந்துகொள்ள வழவழப்பான குழாய்த் துண்டு அல்லது கவிழ்த்த கிண்ணம் ஒன்று. இதற்கு இமை கிடையாது, வெளிச்சம் கூசும். மேலே ஒரு துண்டைப் போட்டு இருட்டாக்கினால் அமைதியாகிவிடும். மூடி கட்டாயம், காற்றுத் துளையோடு. "இது எங்கே குதிக்கப்போகிறது" என்று நினைப்பவர்கள் ஒரு நாள் தரையில் தேடுவார்கள்.

ஃபில்டர் வேண்டாம். புது ஃபில்டரில் பாக்டீரியா இருக்காது, வெறும் ஓட்டத்தைத்தான் கொடுக்கும். ஏர் ஸ்டோன் வைப்பதென்றால் குமிழி மிக மெதுவாக, ஒரு மூலையில்.

இரண்டு டப் ஏன் என்றால், இன்றைக்கு ஒன்றில் பிராணி இருக்கும்போதே நாளைக்கான தண்ணீரை மற்றதில் நிரப்பிப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். மறுநாள் காலை இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்கும். டப்பாவால் அள்ளி இங்கிருந்து அங்கே விட்டால் முடிந்தது. அதன் தலையில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், வெப்பம் சட்டென்று மாறிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். பழைய டப்பை வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவைத்து மறுபடி நிரப்புங்கள்.

இந்த மாற்றம் நாள்தோறும் நூறு சதவீதம். பாதி மாற்றுவது இங்கே உதவாது. ஆக்சலாட்டல் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது. கழிவு போட்டால் இன்னும் ஏறும். பெரிய தொட்டியில் அதைத் தின்ன பாக்டீரியா இருக்கிறது, டப்பில் யாரும் இல்லை. நீங்கள்தான் அந்தப் பாக்டீரியா. 24 மணி நேரம் முடியும் முன் ஒரு நாள் சோதனை செய்து பாருங்கள். அம்மோனியா தெளிவாக ஏறியிருந்தால் பெரிய டப் எடுங்கள், இல்லையென்றால் காலையும் மாலையும் மாற்றுங்கள். கழிவு கண்ணில் பட்டால் நேரம் பார்க்காமல் உடனே ஒரு பெரிய சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

எந்தத் தண்ணீர்?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தால் பறந்துபோகும். குளோரமின் கலந்திருந்தால் அப்படிச் சுலபத்தில் போகாது. உங்கள் குழாயில் எது வருகிறது என்று தெரியாத வரை ஆன்டி-குளோரின் மருந்தை அளவுபடி சேர்ப்பதே பாதுகாப்பு. வாங்கும்போது ஒரு விஷயம்: "சளிப் படலத்தைக் காக்கும்" என்று சொல்லிச் சோற்றுக் கற்றாழைச் சாறு சேர்த்த வகைகள் உண்டு. மீனுக்குச் சரி, ஆக்சலாட்டலுக்கு வேண்டாம். லேபிளைப் படித்துப் பாருங்கள்.

காயத்துக்குச் சுத்தமான தண்ணீர் என்றதும் சிலர் ஆர்.ஓ. தண்ணீரையோ வாலை வடித்த நீரையோ ஊற்றிவிடுகிறார்கள். தப்பு. இதன் உடம்பில் இருக்கும் உப்புகள் தோல் வழியாக எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். தோல் கிழிந்திருக்கும்போது இன்னும் அதிகம். தாது உப்பே இல்லாத தண்ணீர் அந்தக் கசிவைக் கூட்டும். ஓரளவு கடினத்தன்மை உள்ள தண்ணீர்தான் இதற்கு இதம். பிஹெச் 7.4, 7.6 அளவில் இருந்தால் அருமை, 7க்கும் 8க்கும் நடுவில் நிலையாக இருந்தால் போதும். எண்ணைத் துரத்திக்கொண்டு ரசாயனம் சேர்ப்பதைவிட நிலையாக இருப்பது மேல்.

சூடு

இது மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் உள்ள சோச்சிமில்கோ என்ற இடத்தின் வாய்க்கால்களைச் சேர்ந்த பிராணி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரம். குளிர்ந்த, மெதுவாக நகரும் தண்ணீர். அதனால் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் என்பது இதற்குச் சொகுசு, 20 வரை சமாளிக்கும். 24ஐத் தாண்டினால் காயமே இல்லாத பிராணியும் நோயில் விழும்.

காயம் இருக்கும்போது சூடு மூன்று பக்கமிருந்தும் அடிக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. பாக்டீரியாவும் பூஞ்சையும் வேகமாகப் பெருகும். அம்மோனியாவின் நச்சு வடிவமும் வெப்பத்தோடும் பிஹெச்சோடும் சேர்ந்து ஏறும். அதே சோதனை எண் 16 டிகிரியில் ஒரு பொருள், 25 டிகிரியில் வேறு பொருள்.

டப் சிறியது, அறைச் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்ளும். வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரையில் வையுங்கள். தண்ணீர்ப் பரப்பின்மேல் படும்படி ஒரு சின்ன ஃபேன் ஓடினால் ஆவியாவதிலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அது போதாவிட்டால் உறையவைத்த தண்ணீர் பாட்டில். சின்ன பாட்டிலாக, ஒன்று கரைந்ததும் அடுத்தது என்று முறை வைத்துப் போடுங்கள். பெரிய பாட்டிலை ஒரே அடியாகப் போட்டால் வெப்பம் சரிந்து மறுபடி ஏறும். அந்த ஊசலாட்டம் நிலையான 21 டிகிரியைவிடக் கெடுதல். ஐஸ் கட்டியை நேராகத் தண்ணீரில் போடாதீர்கள், அது உருகினால் குளோரின் தண்ணீர்தானே.

ஃபிரிட்ஜில் வைக்கும் வழக்கமும் ஒன்று உண்டு. 5 முதல் 8 டிகிரியில் வைத்தால் எல்லாமே மெதுவாகும் என்பது கணக்கு. உண்மைதான், எல்லாமே மெதுவாகும். ஆறுவதும் அதில் சேர்த்தி, நோய் எதிர்ப்பும் சேர்த்தி. சாதாரண காயத்துக்கு அதை நான் செய்யமாட்டேன். மருத்துவர் சொன்னால் அது வேறு கதை.

மருந்து என்ற பெயரில்

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். இது நான் அடித்துச் சொல்லக்கூடிய ஒரே விதி. நமக்குத் தோல் ஒரு சுவர், இதற்குத் தோல் ஒரு வாய். மேலே தடவியது எல்லாம் உள்ளே போகும். காயத்துக்குப் போடும் சில களிம்புகளில் வலி தெரியாமல் இருக்க பென்சோகெய்ன், லிடோகெய்ன் போன்றவை இருக்கும். ஆய்வுக்கூடங்களில் ஆக்சலாட்டலுக்கு மயக்கம் கொடுக்கப் பயன்படுத்துபவற்றில் பென்சோகெய்னும் ஒன்று. அளவு கூடினால் உயிரே போகும். அதை ஒரு விரலால் அப்பிவிடுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள். அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் எல்லாம் அதே பட்டியல். மஞ்சள்தூளும் வேண்டாம்.

மீன் மருந்து பாட்டில்களில் "எல்லா நன்னீர் மீன்களுக்கும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தாமிரம், மாலகைட் கிரீன், ஃபார்மலின் கலந்தவை நீர்நில வாழ்வனவற்றுக்கு விஷம். மெத்திலீன் நீலத்தைப் பூஞ்சைக்குச் சிலர் டப்பில் பயன்படுத்துகிறார்கள். தவறியும் பெரிய தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், சைக்கிள் நடத்தும் பாக்டீரியா அத்தனையும் காலி.

சரி, எதுவுமே போடக்கூடாதா? நாட்டு வாதுமை இலையின் சருகைக் கொதிநீரில் ஊறவைத்து, ஆறிய சாற்றைத் தண்ணீர் மெலிதான தேநீர் நிறத்துக்கு வரும் அளவு சேர்க்கலாம். அதிலுள்ள டானின் பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கும், வெளிச்சத்தையும் மங்கலாக்கும். அற்புதம் எதிர்பார்க்காதீர்கள், கெடுதலும் இல்லை. தினமும் தண்ணீர் மாற்றும்போது அதையும் புதிதாகச் சேர்க்கவேண்டும். இலை பூச்சிமருந்து படாததாக இருக்கவேண்டும்.

உப்புக் குளியல் பற்றிக் கேட்பீர்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை தெளிவாகத் தெரிந்தால் வளர்ப்பவர்களிடையே நெடுங்காலமாக உள்ள முறை இது: அயோடின் போன்றவை சேர்க்காத வெறும் உப்பு, ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி, 10 நிமிடம், நாளுக்கு ஒரு முறை அல்லது இரு முறை. 15 நிமிடத்தைத் தாண்டினால் தோலும் செவுளும் பாதிக்கும். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த இடத்தை விட்டு நகராமல் செய்யவேண்டிய வேலை. துள்ளினால், புரண்டால் உடனே வெளியே எடுத்துவிடவேண்டும். உப்பை முன்கூட்டியே முழுக்கக் கரைத்து, வெப்பத்தைச் சமன்செய்த பிறகே பிராணியை விடவேண்டும். பூஞ்சை இல்லாத புதுக் காயத்துக்கு "முன்னெச்சரிக்கையாக" இதைச் செய்வதில் பலன் இல்லை. என் கதையைத்தான் மேலே சொன்னேனே.

சாப்பாடு

முதல் நாள் விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் மண்புழுவை நறுக்கி இடுக்கியால் மூக்கருகே காட்டுங்கள். சாப்பிட்டால் நல்லது, திருப்பிக்கொண்டால் எடுத்துவிடுங்கள். மிச்சம் டப்பில் கிடந்து அழுகக்கூடாது. குட்டிகளுக்குத் தினமும் தீனி வேண்டும், அவை பட்டினி தாங்காது. வளர்ந்தவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சாப்பிடுபவைதான், ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலும் பதற வேண்டாம். வாயிலோ தாடையிலோ காயம் என்றால் மிருதுவான இரத்தப்புழுத் துண்டுகள் எளிது. புதுக் கால் கட்ட ஆகும் செலவுக்கு மண்புழுவை மிஞ்சிய உணவு இல்லை, கூடுதலாக ஊட்டிவிடவும் தேவையில்லை.

நாளுக்கு நாள் என்ன தெரியும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பாதிப் பயம் என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருவதுதான்.

வெட்டுப்பட்ட சில மணி நேரத்திலேயே சுற்றியுள்ள தோல் செல்கள் ஊர்ந்து வந்து காயத்தை மூடத் தொடங்கும். சுமார் ஒரு நாளில் மெல்லிய, கண்ணாடி மாதிரித் தோல் மூடியிருக்கும். உள்ளே சிவப்பாகத் தெரியும், அது இயல்பு. நம் உடம்பு இந்தக் கட்டத்தில் தழும்பு போட்டு வேலையை முடித்துவிடும். இது தழும்பு போடாது. அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் அந்த முனையில் வெளிறிய, உருண்டையான ஒரு முளை எழும்பும். எந்த உறுப்பு என்று இன்னும் தீர்மானமாகாத செல்களின் குவியல் அது. முளை கூம்பாகும், கூம்பு தட்டையாகித் துடுப்பு மாதிரி ஆகும், அதில் விரல்கள் தோன்றும். விரல்களும் ஒன்றாக வராது. முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொன்றாக. முன்காலுக்கு நான்கு, பின்காலுக்கு ஐந்து வரவேண்டும்.

குட்டிக்கு ஆறேழு வாரத்தில் ஒரு கால் வந்துவிடும். வளர்ந்ததற்கு மாதக்கணக்கில் ஆகும். வயதாக ஆக இன்னும் மெதுவாகும். கடிபட்ட காயம் நேராக இல்லாமல் கன்னாபின்னாவென்று இருப்பதால் சில சமயம் ஒரு விரல் கூடுதலாகவோ, கோணலாகவோ முளைக்கும். நடக்க இடைஞ்சல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இந்த வெள்ளை முளையைப் பூஞ்சை என்று நினைத்து உப்பில் போட்டவர்கள் ஏராளம். வித்தியாசம் சுலபம். முளை வழவழப்பாக, விளிம்பு தெளிவாக, காலோடு ஒட்டிய சதையாக இருக்கும். பூஞ்சை பஞ்சு மாதிரி, தண்ணீர் அசைந்தால் இழைகள் ஆடும். சாப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூஞ்சைதான் பெரும்பாலும். இறந்துபோன சதையின் மேல்தான் முதலில் குடியேறும். காலம்னாரிஸ் என்று ஒரு பாக்டீரியா நோயும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் வேகமாகப் பரவும். ஒரே நாளில் வெள்ளைப் படலம் இரண்டு மடங்கானால் பூஞ்சை மருந்து தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

காயத்தை மட்டும் பார்க்காமல் முழுப் பிராணியையும் பாருங்கள். வால் நுனி கொக்கி மாதிரி சுருண்டிருந்தால், செவுள்கள் முன்பக்கம் மடிந்திருந்தால் அழுத்தத்தில் இருக்கிறது. தண்ணீர், வெப்பம், ஓட்டம், வெளிச்சம் நான்கையும் சோதியுங்கள். செவுள் வெளிறிப்போவது மட்டும் தனியாக இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அசையாமல் படுத்திருக்கும்போது அப்படித்தான் இருக்கும்.

மருத்துவரிடம் எப்போது, எப்படி

காயத்தின் ஓரம் சாம்பல் நிறமாகிச் சதை உதிர்கிறது, வயிற்றிலும் தொடையிலும் சிவப்புத் திட்டு தெரிகிறது, உடம்பு நீர்கோத்து உப்புகிறது, தொட்டாலும் அசையவில்லை: இவற்றில் ஒன்று போதும். சிவப்புத் திட்டு என்பது கிருமி இரத்தத்தில் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு வீட்டில் வழி இல்லை, ஆன்டிபயாடிக் வேண்டும். எது, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவரே சொல்லவேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் தீனி வேண்டாம், வழியில் கக்கிவிடும். மூடியுள்ள டப்பாவில் அதன் சொந்தத் தண்ணீர், வெளியே துண்டில் சுற்றிய ஐஸ் பேக், எல்லாம் ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள். உங்கள் தினசரி போட்டோக்கள், தண்ணீர் சோதனை எண்கள், இதுவரை தண்ணீரில் சேர்த்தவற்றின் பட்டியல் மூன்றையும் கொண்டுபோங்கள். உப்பு போட்டதை, களிம்பு தடவியதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

இதற்கிடையில் பெரிய தொட்டி

பிராணி டப்பில் இருக்கும் வாரங்களில் காலித் தொட்டியின் ஃபில்டரை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பாக்டீரியா செத்துப்போகும். ஓடினாலும், தின்ன அம்மோனியா இல்லாவிட்டால் அது மெல்ல மெல்லக் குறையும். இன்னொரு ஆக்சலாட்டல் அங்கே இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடுங்கள், அந்த அம்மோனியா போதும். பிராணியைத் திரும்ப விடும் முன் தண்ணீரைச் சோதித்து, மாற்றிவிடுங்கள்.

காரணத்தையும் இந்த நாட்களில்தான் தேடவேண்டும். 5 முதல் 10 சென்டிமீட்டர் குட்டிகளைச் சேர்த்துப் போட்டிருந்தால் வேறு குற்றவாளியே தேவையில்லை; அந்த வயதில் ஒன்றையொன்று கடிப்பது அவற்றின் வழக்கம். சக்கர் மீன் இருந்தால் அது இரவில் முதுகில் ஒட்டிச் சளிப் படலத்தைச் சுரண்டும். தங்கமீன் செவுளைப் புழு என்று கொத்தும். தனியாக இருந்தும் காயமா? ஃபில்டர் உறிஞ்சும் வாயைப் பாருங்கள், அதற்கு ஒரு ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். பிறகு ஒரு பழைய நைலான் துணியை அலங்காரப் பொருள்கள்மேல் எல்லாம் ஓட்டிப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே தோலும் மாட்டும். கூழாங்கல் இருந்தால் எடுத்துவிடுங்கள். விழுங்கினால் குடல் அடைக்கும், அது காயத்தைவிடப் பெரிய தலைவலி. மெல்லிய மணல் அல்லது வெறும் தரை போதும்.

திரும்ப விடுவது

காயத்தின் மேல் தோல் முழுக்க மூடி, பஞ்சோ சிவப்போ இல்லாமல் ஒரு வாரம் கழிந்து, தீனியும் ஒழுங்காக எடுத்தால் விடலாம். தனியாக இருக்கும் தொட்டி என்றால் கால் முழுசாக வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டாளி இருக்கும் தொட்டி என்றால் விரல் வரும்வரை பொறுங்கள். முளை நிலையில் இருக்கும் கால் ஆடும்போது பார்ப்பதற்குப் புழு மாதிரியே இருக்கும். இரண்டுக்கும் நீளத்தில் தெளிவான வித்தியாசம் இருந்தால் சேர்க்கவே வேண்டாம், நடுவில் தடுப்பு போடுங்கள், அல்லது இரண்டு தொட்டி.

விடும் நாளில் முதலில் தீனி போட்டுவிட்டு, விளக்கை அணைத்து, டப் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைக் கால் மணிக்கு ஒரு கிண்ணமாகச் சேர்த்து வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு டப்பாவைத் தொட்டிக்குள் சாய்த்துப் பிடித்தால் தானே இறங்கிப் போகும். கூட்டாளி இருந்தால் அன்று இரவு இரண்டு மூன்று முறை எழுந்து பார்க்கவேண்டியிருக்கும். கழுவிக் காயவைத்த இரண்டு டப்பையும் பரணில் ஏற்றிவிடாதீர்கள், கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.